பொங்கல் வாழ்த்தைத் தபாலிலும் அலைபேசியிலும் அனுப்பும் முறை: செட்டிநாட்டு உறவினர்களுக்காக

மார்கழி பிறந்தால் காரைக்குடிக் கடைகளின் வாசலில் சிவகாசியில் அச்சான வாழ்த்து அட்டைகள் கயிற்றில் தொங்கிய காலம் போய்விட்டது. இன்று பெரும்பாலான பொங்கல் வாழ்த்துகள் அலைபேசித் திரையில் வந்து அங்கேயே மறைகின்றன. ஆனாலும் தபால் வழி அடைபடவில்லை. இரண்டில் எதைத் தேர்வது என்பதை அனுப்புபவரின் வசதி தீர்மானிப்பதைவிட, பொங்கலன்று பெறுபவர் எங்கே இருப்பார் என்பது தீர்மானிப்பதே முறை. செட்டிநாட்டில் இது சிறிய கேள்வி அன்று. வீடு கானாடுகாத்தானில் இருக்கும், வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார், கதவு திருமணத்துக்கும், சாந்தி எனும் அறுபதாம் ஆண்டு விழாவுக்கும், படைப்பு எனும் முன்னோர் வழிபாட்டுக்கும் மட்டுமே திறக்கும்.

ஆகவே முதல் வேலை பட்டியல். வீட்டில் பழைய மொய்ப்பண நோட்டு இருந்தால் அதிலிருந்தே தொடங்கலாம். விட்டுப்போகும் பெயர்கள் குறையும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் இப்போது இருக்கும் ஊரையும், ஊர் வீட்டில் யாராவது நிலையாக இருக்கிறார்களா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஊரிலேயே இருக்கும் அப்பத்தாவுக்கும் ஆயாவுக்கும் அட்டை. பூட்டிய வீட்டுக்காரர்களுக்கு அலைபேசி. ஒரே வளவில், அதாவது ஒரே பெரிய வீட்டில், பங்காளிகள் பலர் இருந்தால், வீட்டுக்கு ஓர் அட்டை போதும் என்று சிக்கனம் பார்க்கக் கூடாது. அழைப்பு வைக்கும்போது புள்ளிக்கு (மணமான தம்பதிக்கு) ஒன்று என்று வைப்பதுபோலவே வாழ்த்தையும் புள்ளிக்கு ஒன்றாக அனுப்புவதே மரியாதை.

அட்டையை ஜனவரி முதல் வாரத்துக்குள், அதாவது மார்கழி இருபதையொட்டி, தபாலில் சேர்த்துவிடுவது நல்லது. சாதாரணக் கடிதத்துக்கு 20 கிராம் வரை 5 ரூபாய் தபால்தலை போதும். ஆனால் ஜிகினாவும் கல்லும் ஒட்டிய தடித்த அட்டை உறையோடு சேர்ந்து அந்த எடையைத் தாண்டிவிடக்கூடும். ஓர் ஆண்டு நான் எடை பார்க்காமல் அனுப்பிய அட்டைக்கு, குறைந்த தபால்தலைக்கான பணத்தை என் பெரியம்மா தபால்காரரிடம் கொடுத்து வாங்க நேர்ந்தது. வாழ்த்தைவிட அந்தச் செய்திதான் குடும்பத்தில் நெடுநாள் பேசப்பட்டது. அதன்பின் அஞ்சலகத் தராசில் வைக்காமல் எதையும் பெட்டியில் போடுவதில்லை. போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்தே ஆக வேண்டும் என்றால் விரைவு அஞ்சலில் அனுப்பலாம். பழைய பதிவு அஞ்சல் 2025-இல் அதனுடன் இணைக்கப்பட்டுவிட்டது.

முகவரி எழுதுவதில்தான் அதிகக் கவனம் வேண்டும். விலாசம் என்ற சொல்லுக்கு நகரத்தாரிடம் (செட்டிநாட்டுச் செட்டியார்களிடம்) முகவரி என்பதோடு குடும்பத் தலைப்பெழுத்து என்ற பொருளும் உண்டு. ஒரே தெருவில் ஒரே பெயரில் மூவர் இருக்கக்கூடிய ஊர்களில், பெயருக்கு முன்னால் அந்த எழுத்துகளை முழுமையாக எழுதினால்தான் தபால்காரர் வீட்டை உறுதியாகக் கண்டுபிடிப்பார். சில வீடுகளின் முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு மறு தெருவிலும் இருப்பதால், முகப்பு இருக்கும் தெருவின் பெயரையே எழுத வேண்டும். 1972-இல் வந்த ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டையும் விடக்கூடாது. செட்டிநாட்டு ஊர்கள் இரண்டு மாவட்டங்களில் பரவியிருப்பதால், காரைக்குடிப் பக்கத்து ஊர்களுக்கு 630 என்றும் புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களுக்கு 622 என்றும் குறியீடு தொடங்கும். ஊர்ப்பெயரை மட்டும் நம்பி ஊகித்து எழுதினால் அட்டை வேறு பக்கம் போய்விடும். தமிழ்நாட்டுக்குள் தமிழிலேயே எழுதலாம். வெளிநாட்டுக்கு என்றால் ஆங்கிலத்தில் எழுதி, நாட்டின் பெயரைக் கடைசி வரியில் பெரிய எழுத்தில் இட வேண்டும்.

அலைபேசியில் அனுப்புவது எளிது என்பதாலேயே அதில் கவனக்குறைவும் மிகுதி. வந்த படத்தை அப்படியே பிறருக்குத் தள்ளிவிட்டால், அது வேறிடத்திலிருந்து வந்தது என்ற குறிப்பும் மேலே ஒட்டிக்கொண்டே போகும். அந்தக் காலத்து வாழ்த்துத் தந்தியில்கூட வாசகங்களுக்கு எண் இருந்தது, எண்ணைச் சொன்னால் வாசகம் போய்ச் சேர்ந்தது; ஆயினும் எந்த எண் என்பதை அனுப்புபவர் யோசித்துத்தான் சொன்னார். வெள்ளை அட்டையில் கையால் இரண்டு வரி எழுதி, பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புவதே நான் சொல்லும் வழி. அதே அட்டையை உறையிலிட்டு ஊருக்கும் அனுப்பிவிடலாம். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடுவதால் கையெழுத்து மங்கும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் அப்படியே போகும். பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியலைப் பயன்படுத்தினால், உங்கள் எண்ணைத் தம் அலைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். திறந்தால் அசையும் வாழ்த்து வரும் என்று இணைப்பை அனுப்புவதைத் தவிர்க்கலாம். தெரியாத இணைப்பைத் தொடாதீர்கள் என்று பெரியவர்களுக்கு நாமேதான் சொல்லி வைத்திருக்கிறோம்.

நேரமும் முக்கியம். சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், இங்கே காலை ஆறு மணிக்கு அனுப்பினால் அவர்கள் வேலைக்குப் புறப்பட்டிருப்பார்கள். இலண்டனில் அப்போது நள்ளிரவு பன்னிரண்டரை. அங்கிருப்பவர்களுக்கு நம் நண்பகலில் அனுப்பலாம்.

உறையின் பின்புறம் உங்கள் முகவரியை எழுத மறக்கக்கூடாது. வீடு பூட்டியிருந்து அட்டை திரும்பி வந்தால், தபால்காரர் அதில் எழுதியிருக்கும் காரணத்தைப் படித்து, அன்றே பட்டியலைத் திருத்திவிட்டு, அந்த அட்டையைப் படமெடுத்து உரிய உறவினரின் அலைபேசிக்கு அனுப்புங்கள்.