மண் பொருக்கில் நீலப்பச்சைப் பாசி பார்ப்பது எப்படி?

திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் உடை என்ற முள்மரங்களுக்கு நடுவே வெட்டவெளியாகக் கிடக்கும் செம்மண்ணைக் குனிந்து பாருங்கள். ஆடு அதிகம் மிதிக்காத இடங்களில் கருத்த பொருக்கு படிந்திருக்கும். அது உயிருள்ள தோல். அதற்குள் பல வகை நீலப்பச்சைப் பாசிகள், அதாவது சயனோபாக்டீரியாக்கள், ஒன்றாகக் குடியிருக்கின்றன.

1. எடுப்பது

மழைக்கு முன்பு, புரட்டாசியில் எடுங்கள். ஈரத்தில் எடுத்தால் குழைந்துவிடும். ஒரு ரூபாய் நாணய அளவு போதும். கத்தி நுனியால் நெம்பிக் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். வெயில் இடத்தில் ஒன்று, மர நிழலில் ஒன்று, தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் ஒன்று என எடுத்தால் வகைகள் மாறுவது தெரியும். தயவுசெய்து அள்ளிக்கொண்டு வராதீர்கள். சிதைந்த பொருக்கு மறுபடி உருவாகப் பல வருடம் ஆகும்.

2. நனைப்பது

எனக்கு மிகப் பிடித்த கட்டம் இதுதான். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கலாம். அதனால் மழைத் தண்ணீரோ, பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரோ சொட்டுச் சொட்டாக விடுங்கள். கொஞ்ச நேரத்தில் கருப்பில் பச்சை ஏறும். மைக்ரோகோலியஸ் என்ற பாசியின் இழைகள் ஈரம் கண்டதும் மேலே ஊர்ந்து வரும், காயும்போது உள்ளே இறங்கிவிடும்.

இப்போது ஓரத்தை ஊசியால் மெல்லத் தூக்கி, லென்ஸில் பாருங்கள். மணல் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத நூலில் கோத்த பாசிமணி போலத் தொங்கும். பல இழைகள் ஒரே பசை உறைக்குள் கயிறு மாதிரி முறுக்கிக் கிடப்பதுதான் அந்த நூல். ஆடிக் காற்றில் தேரி எனப்படும் செம்மணல் மேடுகளில் மணல் பறப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கயிற்றின் அருமை புரியும்.

3. மைக்ரோஸ்கோப்பில்

400 மடங்கு பெருக்கம் போதும். ஜெல்லிக்குள் மணிமாலை தெரிந்தால் நாஸ்டாக். மாலையின் நடுவே வெளிறிய, தடித்த சுவருள்ள செல் ஒன்று இருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்குவது அதுதான். ஆக்சிஜன் பட்டால் அந்த வேலையைச் செய்யும் நொதி கெட்டுவிடும் என்பதால்தான் அவ்வளவு தடித்த சுவர். மைக்ரோகோலியஸில் அந்தச் செல் கிடையாது.

பழுப்பு உறையும், உடைந்த இழை பக்கவாட்டில் பிதுங்கிய பொய்க்கிளையும் இருந்தால் சைட்டோனீமா. அந்தப் பழுப்பு நிறமி புற ஊதாக் கதிரைத் தடுக்கும். பொருக்கு கருத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

4. வளர்ப்பது

பிஜி-11 ஊடகத்தை, அதாவது நீலப்பச்சைப் பாசி வளர்க்கும் சத்துக் கலவையை, நைட்ரேட்டோடு ஒன்றும், இல்லாமல் ஒன்றுமாகத் தயாரித்து, இரண்டிலும் பொருக்கில் கொஞ்சம் போட்டு, நேர் வெயில் படாத ஜன்னலோரம் சில வாரம் வையுங்கள். நைட்ரேட் இல்லாததில் நைட்ரஜன் பிடிக்கும் வகைகள் தழைக்கும். அப்புறம் ஒன்று: ஊடகத்தில் வளராத வகைகளும் மண்ணில் உண்டு. ஆகவே நேரடியாகப் பார்த்ததையும் வளர்ந்ததையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். நாஸ்டாக், சைட்டோனீமா என்பது போலப் பேரினம் வரை பெயர் சொன்னால் இப்போதைக்குப் போதும்.

மிச்சமான துண்டுகளை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள். கருத்த பக்கம் மேலே இருக்கட்டும்.