மருமகனை மீட்கும் அயித்தை: ராமநாதபுரக் கரையில் ஒரு துப்பறியும் நாவல் எழுதுவது எப்படி?

கொலை உண்டு, ஆனால் ரத்தம் தெறிக்காது. துப்பறிவது போலீஸ் இல்லை, ஊரில் ஒரு சாதாரண ஆள். மாட்டிக்கொண்டிருப்பது அவருடைய சொந்தக்காரர். கோஸி மிஸ்டரி என்கிறார்களே, அந்த வகை. பாம்பன் பக்கம் நடக்கிற மாதிரி அப்படி ஒன்றை எழுதி முடித்த கையோடு, எனக்கு வேலை செய்த வழியைச் சொல்கிறேன். கரு பிடிப்பது, பெயர் வைப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

படி 1: துப்பறிபவருக்கு ஒரு தொழில் கொடுங்கள்

என் கதையில் கருவாட்டு வியாபாரம் செய்கிற அயித்தை, அதாவது அத்தை. ஏலம் நடக்கிற இடம், டீக்கடை, பஸ் என்று எங்கே நின்று பேச்சுக் கொடுத்தாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். யார் யாருக்குக் கடன் என்பது அவருக்கு அத்துப்படி. ஓய்வுபெற்ற ஆசிரியரைப் போடாதீர்கள். புத்திசாலிதான், ஆனால் விடியற்காலை நான்கு மணிக்குக் கரையில் அவருக்கு என்ன வேலை?

படி 2: ஊர் கற்பனை, கடல் நிஜம்

ஊருக்கு இல்லாத பெயர் வையுங்கள், வம்பு வராது. கடலில் கைவைக்காதீர்கள். பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வடகிழக்கிலிருந்து அடிக்கிற வாடைக் காலத்தில் தலைகீழ். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை, நாட்டுப்படகுக்கு இல்லை. மே மாதக் கதையில் விசைப்படகு மீன் இறக்கினால் உள்ளூர் வாசகர் அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிடுவார்.

நான் ஆடி மாதத்தை எடுத்தேன். காரணம் படி 4-ல்.

கருவி என்று கேட்டால், நாவல் எழுத விற்கிற மென்பொருள் எதுவும் வேண்டாம். தினசரி காலண்டர் போதும். தாளில் திதி இருக்கிறது, அதனால் அன்றிரவு நிலா உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். அமாவாசைக்கு மறுநாள் இரவு ‘நிலா வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்தேன்’ என்று சாட்சி சொன்னால் அவனைச் சந்தேகப்படலாம். கதை நடக்கிற நாட்களின் தாளைக் கிழித்துச் சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் யார் எந்த மணிக்கு எங்கே என்று எழுதுங்கள். கணினியில் அட்டவணை போடலாம், ஆனால் ஒரே பார்வையில் எல்லாம் தெரியாது.

படி 3: மாட்டியவன் பொய் சொல்ல வேண்டும்

பாதியில் நின்றுபோகிற கதைகள் பெரும்பாலும் இங்கேதான் நிற்கின்றன. சொந்தக்காரன் குற்றவாளி இல்லை என்று நமக்குத் தெரியும். கொலை நடந்த நேரத்தில் அவன் வேறெங்கோ இருந்தான். சரி, அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானே? மூன்றாம் அத்தியாயத்தோடு கதை முடிந்துவிடும். அவனைப் பேசவிடாமல் வைக்க மயக்கம், காய்ச்சல், ஞாபக மறதி என்று எதைப் போட்டாலும் ஒட்டாது.

அவனைக் காப்பாற்றக்கூடிய உண்மையே அவனை வேறொரு வழக்கில் மாட்டிவிட வேண்டும். கடல் அட்டை என்கிற கடல் உயிரி இந்தியாவில் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, பிடித்தால் ஜெயில். எதிர்க்கரையில், இலங்கையில், உரிமம் வாங்கினால் பிடிக்கலாம். அதனால்தான் கடத்தல். என் கதையில் கொலையாவது ஒரு கமிஷன் வியாபாரி. அவர் செத்த இரவில் அயித்தையின் மருமகன் அட்டை மூட்டை ஏற்றக் கூலிக்குப் போயிருக்கிறான். ‘வீட்டில் படுத்திருந்தேன்’ என்று சொல்லிவிட்டான். வீட்டில் இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல, சிக்கல் இறுகுகிறது.

அயித்தைக்கு இது எப்படித் தெரியும்? அவன் சட்டையில் அவித்த அட்டையின் வாடை. கருவாட்டு வாடையிலேயே வளர்ந்த மூக்குக்கு வித்தியாசம் தெரியாதா? இனி அவர் பாடு இரட்டைப் பாடு. உண்மையைச் சொன்னால் கொலை வழக்கு போகும், அட்டை வழக்கு வரும், ஏற்றச் சொன்னவர்களும் சும்மா விட மாட்டார்கள். அதைச் சொல்லாமலே அவனை வெளியே கொண்டுவர வேண்டும். அதற்கு ஒரே வழி, நிஜக் குற்றவாளியைப் பிடிப்பது. நாவல் இங்கேதான் ஓடத் தொடங்குகிறது.

படி 4: துப்பைச் சிரிப்பில் புதையுங்கள்

என் கதையில் முக்கிய சாட்சி சொல்வது இது: ‘தென்கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்தேன். வடகரையில் இரண்டு பேர் சண்டை போடுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.’ ஆடிக் கச்சான் தென்மேற்கிலிருந்து அடிக்கும். வடகரைச் சத்தம் காற்றை எதிர்த்துத் தெற்கே அவ்வளவு தூரம் தெளிவாக வராது. எழுதிக்கொள்கிற ஏட்டய்யா வெளியூர்க்காரர், அவருக்கு இது தோன்றாது.

வாசகருக்கு மட்டும் முன்பே காட்டியிருக்க வேண்டும். இரண்டாம் அத்தியாயத்தில் வடகரைக் களத்தில் கருவாடு புரட்டியபடி அயித்தை பேத்தியைக் கூப்பிடுகிறார். தெற்கே ரோட்டில் நிற்கிற பேத்திக்குக் கேட்கவில்லை. தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஆனால் ரோட்டு டீக்கடைப் பாட்டு அவர் காதில் கணீரென்று விழுகிறது. திட்டிக்கொண்டே நடந்து போகிறார். வாசகர் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்.

படி 5: போலீஸ், கோர்ட்

சுருக்கமாக: கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஜாமீனுக்கு உயர் நீதிமன்றம் போனால் அது மதுரைக் கிளை. 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடக்கிற கொலை என்றால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 103, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302 இல்லை. ஊர்க்காரர்கள் மட்டும் இன்னும் ‘302 போட்டுட்டாங்க’ என்றே பேசட்டும், அதுதான் இயல்பு. வக்கீல் வாயில் 302 வந்தால் தப்பு.

படி 6: உடைக்கிற இடம்

எல்லோரையும் ஒரு ஹாலில் உட்கார வைத்து விளக்குவது நம் ஊருக்குச் சரிவராது. ஏலம் நடக்கிற இடத்தில் வையுங்கள். எல்லோரும் வந்துதான் ஆக வேண்டும், சாட்சி உட்பட. அயித்தை பேத்தியை வடக்கே அனுப்பிக் கத்தச் சொன்னால் போதும், இங்கே கேட்காது, சாட்சியின் பொய் உடைந்துவிடும். நீளமான வசனம் வேண்டாம்.

பின்சேர்க்கை 1: ‘மருமகன் போலீசிடமே ஒப்புக்கொண்டுவிட்டால்?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை வைத்துக் குற்றத்தை நிரூபிக்க முடியாது. ஆனால் ஊர் நம்பிவிடும். அயித்தையிடம் கருவாடு வாங்க வருகிறவர்கள் குறைவார்கள். அதை விடாமல் எழுதுங்கள்.

பின்சேர்க்கை 2: சந்தேக ஆளை ராமேஸ்வரம் ரயிலில் ஏற்றி, கொலை நேரத்தில் வேறிடத்தில் இருந்தான் என்று அலிபி கொடுக்கலாமா என்று ஒரு வாசகி கேட்டார். எந்த வருடம் என்று பாருங்கள். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது, புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ல்தான் திறந்தது. இடையில் நடக்கிற கதை என்றால் ரயில் தீவுக்குள் வராது, அவன் ரோட்டுப் பாலம் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். அந்த வருடங்களில் ‘ரயிலில் ராமேஸ்வரம் வந்து இறங்கினேன்’ என்று ஒருவன் சொன்னால், உங்களுக்கு இன்னொரு பொய்யன் கிடைத்துவிட்டான்.