சட்ட மாணவர் அசைன்மென்ட்: தீர்ப்பைத் தேடுவது, படிப்பது, திருடாமல் எழுதுவது

இது முதல், இரண்டாம் வருடம் படிக்கிறவர்களுக்கு. சீனியரின் பழைய அசைன்மென்டை ஜெராக்ஸ் எடுத்து, பெயரையும் பதிவு எண்ணையும் மட்டும் மாற்றி வைத்தால் இன்டர்னல் மார்க் வந்துவிடும் என்ற நம்பிக்கை மதுரைப் பக்கம் இன்னும் இருக்கிறது. சில நேரம் வரவும் செய்யும். ஆனால் மூட் கோர்ட்டில் (மாணவர்கள் வாதாடும் மாதிரி நீதிமன்றப் போட்டி) நடுவர் "நீங்கள் சொல்வது எந்தப் பாராவில் இருக்கிறது?" என்று கேட்டால் அந்த ஜெராக்ஸ் கைகொடுக்காது.

படி 1: தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள்

"திருநர் உரிமைகள்" என்பது தலைப்பு. அதை வைத்துக்கொண்டு தேடினால் பொழுதுதான் போகும். "இந்து திருமணச் சட்டம் 5ஆம் பிரிவில் உள்ள மணப்பெண் என்ற சொல் திருநங்கையையும் குறிக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். இதற்குப் பதில் நம் மேலூர் ரோட்டிலேயே இருக்கிறது. 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, குறிக்கும் என்று சொல்லி, தூத்துக்குடியில் நடந்த ஒரு திருமணத்தைப் பதிவு செய்ய உத்தரவிட்டது.

படி 2: தேடுங்கள்

தீர்ப்புகளைத் தேடித் தரும் இந்தியன் கானூன் இணையதளம் போதும், காசு கட்ட வேண்டாம். தேடும் சொற்றொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள், இல்லையென்றால் சம்பந்தமில்லாத தீர்ப்புகள் வந்து குவியும். மதுரைக் கிளை வழக்கு என்றால் எண்ணுக்கு முன்னால் (எம்.டி.) என்று இருக்கும், அதை வைத்தே அடையாளம் பிடிக்கலாம். ஒரு நல்ல தீர்ப்பு கிடைத்துவிட்டால் அப்புறம் அதுவே வழிகாட்டும். அது மேற்கோள் காட்டும் பழைய தீர்ப்புகளையும் (மேலே சொன்ன வழக்கில், திருநர் உரிமைகள் பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2014ஆம் ஆண்டு நல்சா தீர்ப்பு), அதை மேற்கோள் காட்டும் புதிய தீர்ப்புகளையும் பின்தொடருங்கள். தேடத்தான் இந்தியன் கானூன். உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து வரியை எடுத்து எழுதும்போது 2023 ஜனவரியில் அந்த நீதிமன்றமே தொடங்கிய இ-எஸ்.சி.ஆர். தளத்தில் உள்ள அதிகாரபூர்வப் பிரதியைத் திறந்து சரிபாருங்கள். அதுவும் இலவசம்தான்.

படி 3: அந்த வரியைச் சொன்னது யார்?

எனக்குப் பிடிபட நாளான படி இது, அதனால் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். தீர்ப்பு என்ற ஒரே கோப்புக்குள் பல பேர் பேசுகிறார்கள். மனுதாரரின் வக்கீல், அரசு வக்கீல், கீழ் நீதிமன்றம், எடுத்துக்காட்டப்படும் பழைய தீர்ப்பு, பெரும்பான்மை நீதிபதிகள், மாறுபட்ட நீதிபதி. நாம் தேடிய சொல் மஞ்சளாக ஒளிர்கிற பாரா இவர்களில் யாருடையது என்று பார்க்காமல் "நீதிமன்றம் கூறியது" என்று எழுதினால் மொத்தமும் தலைகீழாகிவிடும். வக்கீல் வாதிட்டதை நீதிமன்றம் நாலு பக்கம் தள்ளி நிராகரித்திருக்கும்.

1976ஆம் ஆண்டின் ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள், (1976) 2 எஸ்.சி.சி. 521 (எஸ்.சி.சி. என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுக்கும் இதழ்). அவசரநிலைக் காலத்தில், சட்டத்துக்குப் புறம்பாகக் காவலில் வைக்கப்பட்டவர்கூட ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றத்துக்கு வர முடியாது என்றுதான் 4 நீதிபதிகள் சொன்னார்கள். தனியாக மாறுபட்டவர் எச்.ஆர். கன்னா. படிக்கப் படிக்க எடுத்து எழுதத் தோன்றும் வரிகள் எல்லாம் அவருடையவை, அதனால் அசைன்மென்டில் ஏறுவதும் அவைதான். எழுதுங்கள், தப்பே இல்லை, ஆனால் "நீதிபதி கன்னா தன் மாறுபட்ட தீர்ப்பில்" என்று சேர்த்து எழுதுங்கள். (2017இல் அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கின் 9 நீதிபதிகள் அமர்வு அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பைத் தவறு என்று ஒதுக்கியது. அப்படி ஒதுக்கிய பகுதியை எழுதியவர் பழைய 4 பேரில் ஒருவரின் மகனே.)

செய்ய வேண்டியது இதுதான்: வரி கிடைத்ததும் அங்கிருந்து மேலே போய், அந்தப் பகுதி யார் பேச்சில் தொடங்குகிறது என்று பாருங்கள். "கவுன்சல் சப்மிட்டட்" (வக்கீல் சமர்ப்பித்தார்), "கன்டெண்டட்" (வாதிட்டார்) என்று கண்ணில் பட்டால் அது வாதம். பிறகு கீழே போய், நீதிமன்றம் அதை ஏற்றதா என்று பாருங்கள். தீர்ப்பின் தொடக்கத்தில் இருக்கும் ஹெட்நோட்டைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அது பதிப்பகத்தார் எழுதிய சுருக்கம், நீதிபதி எழுதியதல்ல.

படி 4: இன்னும் உயிரோடு இருக்கிறதா?

தீர்ப்பு பின்னால் மாற்றப்பட்டிருக்கலாம், சட்டமே மாறியிருக்கலாம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கான தண்டனை இப்போது 103ஆம் பிரிவு. பழக்க தோஷத்தில் 302 என்று போட்டால், புதிய சட்டத்தில் அது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சைப் பற்றியது.

படி 5: குறிப்பு எடுக்கும்போதே பிரித்து வையுங்கள்

காப்பி அடிப்பதில் பாதி இங்கேதான், தெரியாமலேயே நடக்கிறது. வெட்டி ஒட்டிய வரியும் சொந்த வரியும் ஒரே கோப்பில் கலந்து கிடந்தால் ஒரு வாரம் கழித்து எது எதென்று யாருக்குத் தெரியும்? குறிப்புகளையும் மேற்கோள்களையும் சேர்த்து வைக்கும் ஜோட்டெரோ நல்ல மென்பொருள்தான், ஆனால் 10 பக்க அசைன்மென்டுக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி. நீள நோட்டில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் மேற்கோள் குறியோடு அவர்கள் சொன்னதும் பாரா எண்ணும், வலது பக்கம் உங்கள் கருத்து. எழுத உட்காரும்போது வலது பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

காப்பியைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் காட்டும் ஒற்றுமைச் சதவீதத்துக்காகச் சொற்களை மாற்றி மாற்றிப் போட்டு ஏமாற்ற வேண்டாம். கருத்து இன்னொருவருடையது என்றால், எல்லாச் சொல்லையும் மாற்றினாலும் அடிக்குறிப்பு வேண்டும். ஆய்வேடுகளுக்கான யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிகளில் ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முறையாக அடிக்குறிப்பு போட்ட மேற்கோள் அந்தக் கணக்கில் வராது.

சாட்ஜிபிடி பற்றி

இதைப் படித்துவிட்டு அதிகம் பேர் கேட்டது, சாட்ஜிபிடியைப் பயன்படுத்தலாமா என்பதுதான். தலைப்பைப் புரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள், வழக்கின் பெயரை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். இல்லாத தீர்ப்பை எண்ணும் ஆண்டும் போட்டு அச்சு அசலாகக் கொடுக்கும். 2023இல் நியூயார்க்கில் அப்படிக் கிடைத்த வழக்குகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம். தீர்ப்பை நீங்களே திறந்து பார்க்கவில்லையா, அடிக்குறிப்பில் போடாதீர்கள்.

தமிழ் மொழிபெயர்ப்புத் தீர்ப்புகள்

உச்ச நீதிமன்றம் வெளியிடும் தமிழ்ப் பிரதியை மேற்கோள் காட்டலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். புரிந்துகொள்ள அருமையாக உதவும். ஆனால் சட்டப்படி செல்லுவது ஆங்கில மூலம்தான் என்று அந்தப் பிரதியிலேயே போட்டிருப்பார்கள். அதனால் பாரா எண்ணை ஆங்கிலத் தீர்ப்பிலிருந்து கொடுங்கள், தமிழாக்கம் உங்களுடையது என்றால் அதையும் அடிக்குறிப்பில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.