தடுப்பூசி அட்டையில் உள்ள சொற்களைப் படித்துப் புரிந்துகொள்வது எப்படி?

அட்டையைக் கையில் எடுக்கும் முன் மூன்றைப் பிரித்தறிய வேண்டும்: தடுப்பு மருந்து என்பது பொருள், தடுப்பூசி போடுதல் என்பது செயல், நோய்த்தடுப்பாற்றல் என்பது அதன்பின் உடலில் உருவாகும் நிலை. பேச்சு வழக்கில் இம்மூன்றையும் ஒரே சொல்லால் குறித்துவிடுவதால்தான், ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிட்டதாகப் பலர் எண்ணிவிடுகிறார்கள். கிருமிகளை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் போதிய அளவில் உருவாகப் பெரும்பாலும் சில வாரங்கள் ஆகும். ‘ஊசி’ என்பதும் முழுப் பொருத்தமான சொல்லன்று, ஏனெனில் போலியோ சொட்டு மருந்தும் தடுப்பு மருந்தே. இதைவிடப் பழைய ‘அம்மை குத்துதல்’ என்ற வழக்கு மூலத்துக்கு நெருக்கமானது: 1796இல் எட்வர்டு ஜென்னர் மாட்டம்மைக் கொப்புளத்தின் நீரை ஒரு சிறுவனின் கையில் கீறிச் செலுத்தினார், ‘வேக்சின்’ என்ற சொல்லும் பசுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே வந்தது.

இனி அட்டையின் ஒரு வரியைப் பார்ப்போம். ‘டி.பி.டி. 2’ என்றிருந்தால், எழுத்துகள் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரணஜன்னி ஆகிய மூன்று நோய்களையும், எண் இரண்டாம் தவணையையும் குறிக்கின்றன. முதல் தவணைகள் தரும் பாதுகாப்பு காலப்போக்கில் குறையும்போது, அந்நோய்க் கிருமியைப் பற்றிய நினைவை உடலுக்குப் புதுப்பித்துத் தருவதே ‘பூஸ்டர்’ எனப்படும் ஊக்கத் தவணை. அருகிலுள்ள தொகுதி எண்ணை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால், பின்னர் ஏதேனும் ஐயம் எழுந்தால், போட்ட மருந்து எந்தத் தயாரிப்பைச் சேர்ந்தது என்று கண்டறிய உதவுவது அதுதான்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது மருந்தின் வகை. தட்டம்மைத் தடுப்பு மருந்தில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ்; ஆகவே கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்களுக்கும் அதைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். இத்தகைய இரு ஊசிகளை ஒரே நாளில் போடாவிட்டால், இடையே குறைந்தது 28 நாள்கள் விடுவது வழக்கம். ‘டாக்ஸாய்டு’ என்பதோ கிருமியன்று, தீங்கு நீக்கப்பட்ட அதன் நச்சு.

காயத்துக்குப் போட்ட ‘டெட்டனஸ் ஊசி’ பற்றி மட்டும் சற்று எச்சரிக்கை தேவை. அது டாக்ஸாய்டாகவும் இருக்கலாம், ஆயத்த எதிர்ப்பொருள் அடங்கிய இம்யூனோகுளோபுலினாகவும் இருக்கலாம். பின்னது உடனே காக்கும், ஆனால் சில வாரங்களில் மறைந்துவிடும். எது போடப்பட்டது என்பதைத் தேதியுடன் அட்டையில் எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள்.