ஐந்து டர்ன் மழை: போக்கிமான் டபுள்ஸுக்கு முதல் ரெயின் டீம் அமைப்பது எப்படி

சென்னைக்காரர்களுக்கு மழைக்கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வேளச்சேரியில் மழை நின்றாலும் தண்ணீர் நிற்கும். போக்கிமானில் அப்படியில்லை, மழை நின்ற நொடியே எல்லாம் வடிந்துவிடும். புதிதாக ரெயின் டீம் கட்டுகிறவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். ஆறு தண்ணீர் போக்கிமானைச் சேர்த்துவிட்டு, ஆறாவது டர்னில் (டர்ன் என்றால் இருதரப்பும் ஒருமுறை ஆடும் சுற்று) கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். ரெயின் டீம் என்பது மழை நீடிக்கும் ஐந்து டர்னைச் செலவு செய்யும் திட்டம். மூன்று பேர் மழையைத் தின்ன வேண்டும், மற்ற மூன்று பேர் மழை இல்லாமலும் பிழைக்க வேண்டும்.

இங்கே நாம் கட்டப்போவது ஸ்கார்லெட், வயலெட் விளையாட்டின் டபுள்ஸ் டீம், அதாவது ஒரே நேரத்தில் பக்கத்துக்கு இருவர் மோதும் ஆட்டத்துக்கானது. ஆறு பேரைக் கொண்டுபோய் நான்கு பேரை இறக்கும் வி.ஜி.சி. முறை, எல்லாரும் லெவல் 50. ஸ்விட்ச் கன்சோல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. போக்கிமான் ஷோடவுன் தளத்தில் பிரவுசரிலேயே இலவசமாக ஆடலாம், லேப்டாப்போ போனோ போதும்.

படி 1: மழை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மழை பெய்யும்போது தண்ணீர் மூவ்களின் டேமேஜ் ஒன்றரை மடங்கு, நெருப்பு மூவ்களின் டேமேஜ் பாதி. வழக்கமாக 70 சதவீதமே படும் ஹரிகேனும் தண்டரும் குறி தப்பாது. ஸ்விஃப்ட் ஸ்விம் அபிலிட்டி (பிறவித்திறன்) உள்ளவர்களின் ஸ்பீட் இரண்டு மடங்காகும். வெதர் பால் என்ற மூவ் தண்ணீர் வகையாக மாறி, அதன் பவர் 50-லிருந்து 100 ஆகும்.

2010-ல் வந்த ஐந்தாம் தலைமுறையில், டிரிஸில் அபிலிட்டி வரவழைத்த மழை ஆட்டம் முடியும்வரை நிற்காது. 2013-ல் எக்ஸ், ஒய் வந்தபோது அதை 5 டர்னாகச் சுருக்கினார்கள். டேம்ப் ராக் என்ற ஐட்டத்தைப் பிடித்திருந்தால் 8 டர்ன். பழைய வீடியோவைப் பார்த்து டீம் கட்டாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

எண்ணும் முறையிலும் கவனம் வேண்டும். முதல் டர்னிலேயே மழைக்காரரை இறக்கினால் ஒன்று முதல் ஐந்தாம் டர்ன் வரை முழுதாகக் கிடைக்கும். நடு டர்னில் ஸ்விட்ச் செய்து கொண்டுவந்தால் அந்த டர்னும் கணக்கில் சேரும், ஆக நீங்கள் அடிக்க மிஞ்சுவது நான்குதான்.

படி 2: மழைக்காரர் பெலிப்பர்

பெலிப்பர் மழையை அழைக்க மூவ் எதையும் போட வேண்டியதில்லை, ரமணன் சாரின் அறிவிப்பும் தேவையில்லை. களத்தில் இறங்கினாலே டிரிஸில் வேலை செய்துவிடும்.

ஐட்டம் ஃபோக்கஸ் சாஷ். தண்ணீர், பறவை இரண்டும் சேர்ந்த வகை என்பதால் மின்சாரம் பெலிப்பருக்கு நான்கு மடங்கு வலிக்கும். முழு எச்.பி.யில் (உயிர்ப்புள்ளி) இருக்கும்போது ஒரே அடியில் விழாமல் 1 எச்.பி.யில் நிற்க வைப்பது இந்த சாஷ்தான். டேம்ப் ராக் கேட்க இனிப்பாக இருக்கும், ஆனால் எட்டு டர்ன் மழையை விட இரண்டு முறை இறங்கும் பெலிப்பர் மேல். மூவ்கள்: வெதர் பால், ஹரிகேன், டெயில்விண்ட், வைட் கார்ட். இ.வி. (திறன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பயிற்சிப் புள்ளி) எச்.பி.க்கு 252, ஸ்பெஷல் அட்டாக்குக்கு 252, டிஃபென்ஸுக்கு 4.

நேச்சரில்தான் சூட்சுமம், ஒரு திறனைக் கூட்டி இன்னொன்றைக் குறைக்கும் குணம் அது. எல்லாரும் மாடெஸ்ட் போடுவார்கள், நீங்கள் குவயட் போடுங்கள். இரண்டுமே ஸ்பெஷல் அட்டாக்கைக் கூட்டும். மாடெஸ்ட் அட்டாக்கைக் குறைக்கும், குவயட் ஸ்பீடைக் குறைக்கும். இருதரப்பிலும் வானிலைக்காரர்கள் ஒரே நேரத்தில் இறங்கினால் வேகமானவரின் அபிலிட்டி முதலில் வேலை செய்யும், மெதுவானவரின் அபிலிட்டி அதன்மேல் வந்து அழித்துவிடும். மெதுவானவருக்கே வெற்றி. ஸ்பீடில் இ.வி. போடாத மணல்புயல் டைரனிடாரின் ஸ்பீட் 81. மாடெஸ்ட் பெலிப்பர் 85, ஆகவே மணல்தான் நிலைக்கும். குவயட் பெலிப்பர் 76, மழை நிலைக்கும். வெயில் கொண்டுவரும் டார்கோலிடம் இந்தத் தந்திரம் பலிக்காது. அது ஆமை, அதைவிட மெதுவாகப் போக பெலிப்பரால் முடியாது.

படி 3: மழையைத் தின்னும் மற்ற இரண்டு பேர்

முதலாமவர் ஆர்கலூடன். 2023 டிசம்பரில் வந்த இண்டிகோ டிஸ்க் கூடுதல் பகுதியில் அறிமுகமானது, டுராலூடனுக்கு மெட்டல் அலாய் கொடுத்தால் இதுவாக மாறும். இதன் எலெக்ட்ரோ ஷாட் 130 பவர் மின்சார மூவ். சாதாரணமாக ஒரு டர்ன் சார்ஜ் ஏற்றி அடுத்த டர்னில் அடிக்கும். மழையில் அதே டர்னில் அடிக்கும், போதாததற்கு ஸ்பெஷல் அட்டாக் ஒரு படி ஏறிவிடும். முதல் அடியே ஏறிய அட்டாக்குடன்தான் விழும்.

மாடெஸ்ட் நேச்சர், எச்.பி. 252, ஸ்பெஷல் அட்டாக் 252, ஸ்பெஷல் டிஃபென்ஸ் 4. இப்போது ஸ்பெஷல் அட்டாக் 194, ஒரு எலெக்ட்ரோ ஷாட்டுக்குப் பிறகு 291. அபிலிட்டி ஸ்டாமினா: அடி வாங்கும் ஒவ்வொரு முறையும் டிஃபென்ஸ் ஏறும். அந்த டிஃபென்ஸையே ஆயுதமாக்கும் பாடி பிரஸ்ஸை மறக்காதீர்கள். மற்ற மூவ்கள் ஃப்ளாஷ் கேனன், டிராகோ மீட்டியர். ஐட்டம் அஸால்ட் வெஸ்ட். அதைப் பிடித்தால் ஸ்பெஷல் டிஃபென்ஸ் ஒன்றரை மடங்காகும், ஆனால் ப்ரொடெக்ட் போன்ற தாக்காத மூவ் எதையும் போட முடியாது. டெரா வகை (ஆட்டத்துக்கு ஒருவர் மட்டும் மாறிக்கொள்ளக்கூடிய வகை) புல். நிலம், சண்டை இரண்டும் இதற்கு வலிக்கும். புல்லாக மாறினால் நில அடி பாதியாகும், சண்டை அடி சாதாரணமாகும். புல்லின் எதிரியான நெருப்பை மழை பார்த்துக்கொள்ளும்.

ஸ்பீடில் ஒன்றும் போடவில்லையே என்றால், பெலிப்பரின் டெயில்விண்ட் இருக்கிறது. ஆர்கலூடனின் 105 அப்போது 210 ஆகும். முழு வேகத்தில் வரும் ஸ்னீஸ்லரின் 189-ஐத் தாண்டிவிட்டது.

இரண்டாமவர் ஆண் பாஸ்குலீஜியன், அபிலிட்டி ஸ்விஃப்ட் ஸ்விம். கன்சோலில் வளர்ப்பவர்கள் வெள்ளைக் கோட்டு பாஸ்குலினைத் தேடிப் பிடித்து, மயங்கி விழாமல் 294 ரீகாயில் (தன் அடியே தன்மேல் திரும்பும்) டேமேஜ் வாங்க வைக்க வேண்டும். ஷோடவுனில் பெயரைத் தட்டினால் போதும்.

எல்லாரும் இதன் ஸ்பீடுக்கு 252 கொட்டுகிறார்கள், தேவையே இல்லை. முழு வேக டிராகாபுல்ட்டின் ஸ்பீட் 213. பாஸ்குலீஜியனுக்கு ஸ்பீடில் 68 இ.வி. மட்டும் போட்டால் 107 ஆகும், மழையில் 214. ஒரே புள்ளியில் முந்திவிட்டோம். மிச்சத்தை அடமண்ட் நேச்சருடன் அட்டாக்குக்கு 252, எச்.பி.க்கு 188 என்று போடுங்கள். மூவ்கள்: வேவ் கிராஷ், லாஸ்ட் ரெஸ்பெக்ட்ஸ், அக்வா ஜெட், ப்ரொடெக்ட். ஐட்டம் மிஸ்டிக் வாட்டர், டெரா தண்ணீர். வேவ் கிராஷின் பவர் 120. சொந்த வகை போனஸும் மழையும் சேர்ந்தால் 270-க்குச் சமம், டெரா தண்ணீருடன் 360. அடித்த டேமேஜில் மூன்றில் ஒரு பங்கு திரும்ப வந்து தன்னையே தாக்கும் என்பதால்தான் எச்.பி.க்கு அவ்வளவு கொடுத்தோம். லாஸ்ட் ரெஸ்பெக்ட்ஸ் பவர் 50-ல் தொடங்கி, விழுந்த ஒவ்வொரு கூட்டாளிக்கும் 50 ஏறும். எனவே பாஸ்குலீஜியனைப் பின்னால் வையுங்கள்.

படி 4: மழை இல்லாமலும் பிழைக்கும் மூவர்

ரில்லாபூம் இந்த டீமில் இருப்பதற்குக் காரணம் காஸ்ட்ரோடான். தண்ணீர் மூவ்களைத் தன்பக்கம் இழுத்து விழுங்கும் ஸ்டார்ம் டிரெய்ன் அதற்கு உண்டு, நில வகை என்பதால் எலெக்ட்ரோ ஷாட்டும் படாது. ரெயின் டீமுக்கென்றே பிறந்த வில்லன். அதற்குப் புல் அடி நான்கு மடங்கு வலிக்கும். ரில்லாபூம் இறங்கினால் விரியும் கிராஸி டெரெய்ன் எர்த்குவேக்கையும் பாதியாக்கும், அதனால் ஆர்கலூடன் மூச்சு விடும். ஃபேக் அவுட் (இறங்கிய டர்னில் எதிரியை அசையவிடாது), கிராஸி கிளைட், வுட் ஹாமர், யு-டர்ன், மிராக்கிள் சீட், அடமண்ட், எச்.பி. 252, அட்டாக் 252.

மழையில் நெருப்புப் பூனை எதற்கு என்று இன்சினரோரைப் பார்த்துச் சிரிப்பார்கள். நெருப்பு மூவ் ஒன்றுகூட இதனிடம் டேமேஜுக்காக இல்லை. ஃபேக் அவுட், நாக் ஆஃப், வில்-ஓ-விஸ்ப், பார்டிங் ஷாட், அபிலிட்டி இன்டிமிடேட், ஐட்டம் சிட்ரஸ் பெர்ரி. இது மெதுவானது. எதிரி அடித்து முடித்த பிறகு பார்டிங் ஷாட் போட்டு வெளியேறி, பெலிப்பரை அடி படாமல் உள்ளே விடும். அந்த ஒரு வேலைக்கே சம்பளம் கொடுக்கலாம்.

ஆறாவது கோல்டெங்கோ: மேக் இட் ரெயின், ஷேடோ பால், நாஸ்டி பிளாட், ப்ரொடெக்ட், லைஃப் ஆர்ப். மேக் இட் ரெயின் என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். கொட்டுவது தங்கக் காசு, மழை வராது.

ஆறு ஐட்டமும் வேறு வேறாக இருக்கிறதா பாருங்கள், இரண்டு பேருக்கு ஒரே ஐட்டம் கொடுக்க விதி அனுமதிக்காது. ஆர்கலூடன், இன்சினரோர், கோல்டெங்கோ மூவருக்கும் நில அடி வலிக்கும் என்பது இந்த டீமின் ஓட்டை. பெலிப்பருக்கு ப்ரொடெக்ட்டைத் தவிர்த்து, இருவரையும் சேர்த்து அடிக்கும் எர்த்குவேக் போன்ற மூவ்களைத் தடுக்கும் வைட் கார்ட் கொடுத்தது அதை அடைக்கத்தான்.

படி 5: டீம்பில்டரில் ஏற்றுங்கள்

ஷோடவுனில் டீம்பில்டரைத் திறந்து, புதிய டீம் உருவாக்கி, முதலில் ஃபார்மட்டைத் தேர்ந்தெடுங்கள். பிறகுதான் பெயர்கள். வரிசையை மாற்றினால் அந்த ஃபார்மட்டில் இடமில்லாதவர்களும் பட்டியலில் வந்து குழப்புவார்கள். பெலிப்பரின் அட்டாக் ஐ.வி.யை (பிறவி மதிப்பு) 0 ஆக்குங்கள், நம் அட்டாக்கை வைத்தே நம்மை அடிக்கும் எதிரியின் ஃபவுல் பிளே குறைவாக வலிக்கும். கடைசியில் வேலிடேட் பட்டன். யாருக்கு அனுமதி என்பது ரெகுலேஷனுக்கு ரெகுலேஷன் மாறும், சிவப்பு எழுத்தில் என்ன வருகிறதோ அதுவே இறுதித் தீர்ப்பு.

படி 6: யாரை இறக்குவது

எதிரியிடம் வேறு வானிலை இல்லையென்றால் பெலிப்பர், ஆர்கலூடன் முன்னால், பாஸ்குலீஜியன், ரில்லாபூம் பின்னால். முதல் டர்னில் டெயில்விண்டும் எலெக்ட்ரோ ஷாட்டும்.

டார்கோல் தெரிந்தால் பெலிப்பரை முன்னால் இறக்காதீர்கள். இன்சினரோரும் பாஸ்குலீஜியனும் முன்னால் போகட்டும், டார்கோல் களத்துக்கு வந்த பிறகு பெலிப்பர் வரட்டும். கடைசியாக வந்தவருடைய வானிலைதான் நிலைக்கும். டிரிக் ரூம் டீம் என்றால் ஃபேக் அவுட் போடும் இருவரையும் கொண்டுபோங்கள். மெதுவானவர்கள் முந்தும் அந்த 5 டர்னில் பாஸ்குலீஜியனின் வேகமே அதற்கு எமன், களத்தில் இறக்காதீர்கள். டிரிக் ரூம் போடுகிறவர் பேய் வகையாக இருந்தால் ஃபேக் அவுட் படாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 7: எங்கே சொதப்பும்

அடிக்கடி நடப்பது இது. மழை இன்னும் ஒரு டர்ன் இருக்கும்போதே, புதுப்பிக்கலாம் என்று பெலிப்பரை உள்ளே கொண்டுவருவார்கள். ஏற்கெனவே மழை பெய்தால் டிரிஸில் கணக்கை நீட்டாது. பழைய கணக்கிலேயே மழை நின்றுவிடும், பெலிப்பர் சும்மா நனைந்துகொண்டு நிற்கும். நின்ற பிறகே கொண்டுவாருங்கள்.

அடுத்தது எலெக்ட்ரோ ஷாட். ஸ்விட்ச் எல்லாம் மூவ்களுக்கு முன்னால் நடக்கும். நீங்கள் எலெக்ட்ரோ ஷாட் அழுத்திய அதே டர்னில் எதிரி டார்கோலை உள்ளே விட்டால் மழை போய்விடும், ஆர்கலூடன் சார்ஜ் ஏற்றிக்கொண்டு ஒரு டர்ன் முழுக்க வெறுமனே நிற்கும். எதிரியின் பின்வரிசையில் வானிலைக்காரர் பாக்கி இருக்கும்வரை அந்த டர்னில் ஃப்ளாஷ் கேனன்தான் பாதுகாப்பு. ஹரிகேனுக்கும் இதே கதிதான், வெயிலில் அது 50 சதவீதம்.

மழைக்குக் கட்சி கிடையாது. எதிரியிடம் தண்ணீர் மூவ் இருந்தால் அதற்கும் ஒன்றரை மடங்கு. டெயில்விண்டையும் ஸ்விஃப்ட் ஸ்விம்மையும் ஒரே ஆளுக்கு அடுக்குவதும் வீண், ஏற்கெனவே 214-ல் இருப்பவருக்கு 428 எதற்கு? டெயில்விண்ட் நான்கு டர்னும் ஆர்கலூடனுக்குப் பயன்பட வேண்டும்.

லேடரில் (ஷோடவுனின் தரவரிசை ஆட்டம்) இருபது ஆட்டம் ஆடுங்கள். தோற்ற ஆட்டங்களின் ரீப்ளேயை மட்டும் சேமித்து, ஒவ்வொரு டர்னுக்கும் மழை இருந்ததா, அந்த டர்னில் மழையால் யார் அடித்தார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஐந்தில் மூன்று டர்ன் வீணாகியிருந்தால் மாற்ற வேண்டியது லீடை (முதலில் இறக்கும் ஜோடி), டீமை அல்ல. நவம்பரில் ஆடுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம்: வெளியே நிஜ மழை கொட்டி கரண்ட் போனால் வைஃபையும் போகும், டைமர் நிற்காது. மொபைல் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வைத்துக்கொண்டு உட்காருங்கள்.