மகிழ் முற்றம்: புள்ளிப் பலகையோடு நின்றுவிடாமல் நடத்துவது எப்படி?

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று 5 குழுக்களாக மாணவர்களைப் பிரிக்கும் மகிழ் முற்றம் திட்டம் 2024 நவம்பரில் தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளுக்கு வந்தது. பல பள்ளிகளில் கொடி தைத்தார்கள், தலைவர்களுக்குப் பதவியேற்பு நடத்தினார்கள், பலகையில் புள்ளி எழுதினார்கள். மூன்றாம் மாதம் பலகையில் பழைய புள்ளியே இருந்தது. திட்டத்தில் பெரிய குறையில்லை. புள்ளி எதற்கு, யார் போடுவது, எப்போது கூட்டுவது என்ற மூன்றையும் முதல் வாரத்திலேயே முடிவு செய்யாததுதான் காரணம். 6 முதல் 10 வரை சுமார் 300 பிள்ளைகள் படிக்கும் ஓர் உயர்நிலைப் பள்ளியை மனத்தில் வைத்து இந்த வழிமுறை எழுதப்பட்டுள்ளது. சிறிய பள்ளி என்றால் எண்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

குழு பிரிப்பது

இங்கே அவசரப்பட்டால் ஆண்டு முழுக்க அவஸ்தை. வருகைப் பதிவேட்டு வரிசையில் 1, 2, 3, 4, 5 என்று எண்ணிப் பிரிக்காதீர்கள். பல பதிவேடுகளில் மாணவர், மாணவியர் பெயர்கள் தனித்தனியாக இருக்கும். அடுத்தடுத்துச் சேர்ந்த ஒரே ஊர்ப் பிள்ளைகளின் பெயர்கள் சேர்ந்தே வரும். ஒவ்வொரு வகுப்பிலும் ஆண், பெண் எனப் பிரித்து, அவர்களை வாசிப்புத் திறன் அடிப்படையில் மூன்று அடுக்காக்கி, ஒவ்வோர் அடுக்கிலும் பிள்ளைகள் முன்னிலையில் குடவோலை போலச் சீட்டு எடுங்கள். 40 பேர் வகுப்பில் குழுவுக்கு 8 பேர், பள்ளி முழுவதற்கும் குழுவுக்கு 60 பேர். அண்ணன் தங்கை ஒரே பள்ளியில் இருந்தால் ஒரே குழுவில் போடுங்கள், பெற்றோரிடம் பேசுவது எளிது.

சீட்டு முடிந்ததும் தலைமையாசிரியர் தனியே உட்கார்ந்து ஒரு சரிபார்ப்பு செய்ய வேண்டும். ஏதாவது ஒரு குழுவில் ஒரே தெருப் பிள்ளைகள் குவிந்திருக்கிறார்களா? குவிந்திருந்தால் அந்த வகுப்புக்கு மட்டும் மறுபடி சீட்டு. தெரு என்றால் இங்கே என்ன பொருள் என்பது எல்லோருக்கும் தெரியும். 2023இல் நாங்குநேரியில் மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சாதி வன்மத்தால் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட, முன்னாள் நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கைக்கயிறுகளைத் தடுக்கவும், மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைக்கவும் பரிந்துரைத்தது. குழு அடையாளத்துக்கும் அதே எச்சரிக்கை வேண்டும். குழு நிறத்தில் கயிறு, ரிப்பன், கைப்பட்டை எதையும் அனுமதிக்காதீர்கள். ‘இது நெய்தல் கயிறு சார்’ என்று சொல்லிக்கொண்டு வேறு கயிறு உள்ளே வரும். சட்டையில் குத்தும் அட்டை வில்லை போதும்.

புள்ளி

வாரத்துக்கு ஒரு குழுவுக்கு அதிகபட்சம் 20 புள்ளி: வருகைக்கு 10, நேரத்துக்கு வருவதற்கு 5, ஒப்படைத்த பொறுப்புக்கு 5. ஆறாவது வாரத்தின் முடிவில் கற்றல் முன்னேற்றத்துக்கு 40. ஆக ஆறு வாரச் சுற்றுக்கு 160.

வருகையைத் தலை எண்ணிக்கையில் பார்க்காமல் விழுக்காட்டில் பாருங்கள். 60 பேர், 5 நாள் என்றால் 300 வருகை. அதில் முன்கூட்டியே சொல்லிவிட்டு எடுத்த விடுப்பைக் கழித்துவிடுங்கள். 6 நாள் அப்படிப் போனால் 294. வந்தது 276 என்றால் 93.9 விழுக்காடு. 95க்கு மேல் 10 புள்ளி, 90 முதல் 95 வரை 8, 85 முதல் 90 வரை 5, அதற்குக் கீழே 2. போன வாரத்தைவிட 2 விழுக்காடு கூடியிருந்தால் கூடுதலாக 2, ஆனால் மொத்தம் 10ஐத் தாண்டக் கூடாது. விடுப்பைக் கழிக்கும் விதியை விட்டுவிட்டால் என்ன ஆகும்? காய்ச்சலோடு பிள்ளை வரும். வராவிட்டால் குழுவே அதைத் திட்டும்.

புள்ளியைக் குறைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். ஒருவன் செய்த தவறுக்கு 60 பேரின் புள்ளி போனால், இடைவேளையில் கழிப்பறைக்குப் பின்னால் அவனுக்குத் ‘தீர்ப்பு’ நடக்கும். ஒழுக்கத்தை வளர்ப்பதாக நினைத்து அடிதடியைத்தான் வளர்த்திருப்போம். மதிப்பெண்ணுக்கும் நேரடியாகப் புள்ளி கொடுக்காதீர்கள். நன்றாகப் படிப்பவர்கள் அதிகம் உள்ள குழு இரண்டாம் வாரமே ஜெயித்துவிடும், மற்ற நான்கும் கைகழுவிவிடும்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் 20 நிமிடம் கூட்டல், திங்கள் காலை வணக்கக் கூட்டத்தில் அறிவிப்பு. ஒரு வாரம் தவறினால் பரவாயில்லை. இரண்டு வாரம் தவறினால் பிள்ளைகள் நம்புவதை நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பொறுப்பாசிரியர், அவரிடம் ஒரு நோட்டு. ஆனால் தன் குழுவின் கணக்கை அவரே கூட்டக் கூடாது, பக்கத்துக் குழு ஆசிரியர் கூட்ட வேண்டும்.

தலைவர்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது

குழுவுக்கு ஒரு மாணவர், ஒரு மாணவி. ஆறு வாரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். வகுப்பிலேயே அதிகம் சேட்டை செய்பவனுக்கு இரண்டாம் சுற்றில் பொறுப்பு கொடுத்துப் பாருங்கள், முதல் சுற்றில் வேண்டாம். விதிகள் நிலைபெறும் முன் கொடுத்தால் விதியையே அவன் எழுதிவிடுவான்.

தாமதமாக வருபவர்களைக் குறிப்பது, மதிய உணவு வரிசை, நூலகப் புத்தகம் கொடுத்து வாங்குவது, குடிநீர்க் குழாயடி, விளையாட்டுப் பொருள்கள் என 5 பொறுப்புகளை வாரம் ஒன்றாகச் சுழற்றலாம். கழிப்பறை கழுவுவது பிள்ளைகளின் பொறுப்பு அல்ல, எந்தச் சுழற்சியிலும் அது வரக் கூடாது. பேசுபவர் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது, முட்டி போட வைப்பது, கையில் குச்சி, இவையும் தலைவருக்கு இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஆசிரியர் செய்யக் கூடாததை மாணவர் தலைவர் மூலம் செய்விப்பது அதே குற்றம்தான்.

சண்டை வந்தால்

முதலில் பிரித்து வேறு வேறு அறையில் உட்கார வையுங்கள். ஒரு பாடவேளை கழியும்வரை விசாரணை வேண்டாம், சூட்டில் கேட்டால் பொய்தான் வரும். பிறகு இருவரும் தனித்தனியே எழுத வேண்டும்: என்ன நடந்தது, யாருக்கு என்ன பாதிப்பு, அதைச் சரிசெய்ய நான் என்ன செய்வேன். எழுதத் தடுமாறும் பிள்ளை சொல்ல, ஆசிரியர் எழுதலாம். மூன்றாவது கேள்விக்கான பதிலில் தேதி இருக்க வேண்டும். கிழித்த புத்தகத்துக்கு அட்டை போட்டுத் தருவது, உடைத்த பெஞ்சைப் பழுது பார்க்கும்போது கூட நின்று உதவுவது போன்றவை. ‘இனி செய்ய மாட்டேன்’ என்பதைப் பதிலாக ஏற்காதீர்கள். அந்தத் தேதியில் செய்தார்களா என்று பார்ப்பது பொறுப்பாசிரியர் வேலை.

பாலியல் அத்துமீறல், ஆயுதம், போதைப் பொருள், சாதி வன்மம் ஆகியவை குழு பேசித் தீர்க்கும் விஷயங்கள் அல்ல. பாலியல் குற்றம் தெரிந்தால் போக்சோ சட்டம் 2012இன்படி புகார் செய்வது கட்டாயம். ‘பள்ளிப் பெயர் கெடும்’ என்று மறைப்பதே தண்டனைக்குரியது. குழந்தைகள் உதவி எண் 1098, மாணவர் உதவி எண் 14417 இரண்டும் எல்லா வகுப்பறையிலும் பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும்.

பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் மாணவர் மனசுப் பெட்டியைத் தலைமையாசிரியர் அறை வாசலிலிருந்து எடுத்துவிடுங்கள். யாரும் கவனிக்காமல் சீட்டுப் போடக்கூடிய இடம் வேண்டும். வாரம் ஒரு முறை குறைந்தது இருவர் சேர்ந்து திறக்கட்டும். கையெழுத்தை வைத்து ஆளைத் தேடினால் அதோடு பெட்டி காலி. ‘மாடிக் கழிப்பறைத் தாழ்ப்பாள் மாற்றப்பட்டது’ போன்ற இரண்டு பதில்களைத் தகவல் பலகையில் ஒட்டிப் பாருங்கள், அடுத்த வாரம் முக்கியமான சீட்டுகள் வரத் தொடங்கும்.

கற்றலுக்கு 40 புள்ளி

தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்கார வைத்து 4 நிமிடம் பாருங்கள். தமிழில் எழுத்து, சொல், வாக்கியம், பத்தி என 4 படி. கணக்கில் இரண்டிலக்க எண் அறிதல், கடன் வாங்கிக் கழித்தல், பெருக்கல், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல் என 4 படி. ஒரு குழுவுக்கு 240 நிமிடம், ஒரு வாரத்தில் பரப்பினால் முடியும். பத்தாம் வகுப்பில் இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். வகுத்தல் வராத பிள்ளைகள் அங்கேயும் இருப்பார்கள். வகுப்பில் அவர்கள் செய்யும் ‘தொல்லை’யில் பாதி, பாடம் புரியாமல் 40 நிமிடம் உட்கார்ந்திருப்பதன் விளைவு.

கடைசிப் படியை எட்டாதவர்களில் எத்தனை விழுக்காட்டினர் ஆறு வாரத்தில் ஒரு படியாவது ஏறினார்கள் என்பதுதான் குழுவின் புள்ளி. பாதிப் பேர் ஏறினால் 20, எல்லோரும் ஏறினால் 40. இதனால் நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கும் பக்கத்தில் இருப்பவனைத் தூக்கிவிட ஒரு காரணம் கிடைக்கிறது. வாரம் 3 நாள், 20 நிமிட இணைப் படிப்பு. முதல் மதிப்பெண் வாங்குபவரைக் கடைசிப் படியில் இருப்பவரோடு சேர்க்காதீர்கள், இருவருக்கும் எரிச்சல்தான் மிஞ்சும். இரண்டு படி மேலே இருப்பவர் போதும். மறுசோதனையை வேறு குழுவின் ஆசிரியர் செய்ய வேண்டும், முன்பு கொடுத்த பத்தியையே கொடுக்கக் கூடாது.

பெற்றோர்

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அவர்களிடம் ‘உங்கள் பிள்ளைகளைக் கண்டியுங்கள்’ என்று சொல்வதால் எதுவும் நகராது. ஆறு வாரத் தாமதக் குறிப்பை விரித்துக் காட்டுங்கள். ஒரே ஊரிலிருந்து வரும் 14 பேர் தினமும் 15 நிமிடம் தாமதம் என்றால் அது ஒழுக்கப் பிரச்சினை அல்ல, பேருந்து நேரப் பிரச்சினை. தீர்மானம் போட்டு அந்தக் குறிப்பின் நகலோடு போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்குக் கொடுக்க வேண்டும். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆசிரியர் போய்க் கேட்டால் கடைக்காரர் முறைப்பார். 5 தாய்மார்கள் தீர்மான நகலோடு ஊராட்சித் தலைவரையும் காவல் நிலையத்தையும் பார்த்தால் கதை வேறு.

ஆண்டு முடிந்ததும் குழுக்களைக் கலைக்காதீர்கள். 6ஆம் வகுப்பில் புதிதாகச் சேர்பவர்களுக்கு மட்டும் ஜூனில் சீட்டு. பொறுப்பாசிரியர் இடமாறுதலில் போனால், அந்த நோட்டு அவருடைய பையோடு போகாமல் தலைமையாசிரியர் அறை அலமாரியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.