இரு கட்சிகளிலும் சலிப்படைந்த அமெரிக்க வாக்காளருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் தம்மை எந்தக் கட்சியோடும் சேர்த்துச் சொல்ல விரும்பாதவர்கள், தனித்தனியே எடுத்தால், இரு பெரிய கட்சிகளின் ஆதரவாளர்களையும்விட எண்ணிக்கையில் அதிகம். கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்புகளில் 2023-ஆம் ஆண்டிலும் 2024-ஆம் ஆண்டிலும் 43 சதவீதத்தினர் தம்மைச் சுயேச்சைகள் என்றே கூறினர். மூன்றாவதாக ஒரு பெரிய கட்சி வேண்டும் என்று 2023-இல் 63 சதவீதத்தினர் தெரிவித்தனர். ஆயினும் நவம்பரில் நடக்கும் பொதுத்தேர்தலில் இவர்களில் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சிக்கோ குடியரசுக் கட்சிக்கோதான் வாக்களிக்கின்றனர். மறுகட்சி வந்துவிடக் கூடாதே என்ற அச்சமே அதற்குக் காரணம். இந்தச் சலிப்பை எங்கே, எப்போது, எந்தப் படிவத்தின் வழியாகக் காட்டினால் பலன் கிடைக்கும் என்பதை விளக்கவே இக்கட்டுரை. நவம்பர் வாக்குச்சீட்டு அதற்குப் பிந்திய இடம். வலுக் குறைந்த இடமும் அதுவே.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. இங்கே கூறப்படுபவை குடியுரிமை பெற்றவர்களுக்கு மட்டுமே பொருந்தும். கிரீன் கார்டு வைத்திருப்பவர், ஓட்டுநர் உரிமம் வாங்கும் அலுவலகத்தில் நீட்டப்படும் வாக்காளர் பதிவுப் படிவத்தில் தெரியாமல் கையெழுத்திட்டாலும் அது பின்னாளில் நாடுகடத்தல் வழக்கு வரை இழுத்துச் செல்லக்கூடும். ஆகவே அவர் அந்தப் படிவத்தைத் தொடவே வேண்டாம்.

இரண்டே கட்சிகள் நிலைத்திருப்பதற்குச் சதி எதுவும் தேவைப்படவில்லை, தேர்தல் முறையே போதுமானதாக இருக்கிறது. ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர், அதிக வாக்குப் பெற்றவருக்கே முழு வெற்றி என்ற ஏற்பாடு இருக்குமிடத்தில் இரு பெரிய கட்சிகளே நிலைக்கும் என்பதை பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் துவெர்ஜே 1950-களில் எடுத்துரைத்தார். பிரதிநிதிகள் சபைக்கு ஒரு தொகுதிக்கு ஒருவர் என்பதை 1967-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் கட்டாயமாக்கியது. அதிபர் தேர்தலிலோ, மெய்ன், நெப்ராஸ்கா நீங்கலாக 48 மாநிலங்களில் முதலிடம் பெற்றவருக்கே, அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுக்கும் அம்மாநிலத்தின் தேர்வாளர்கள் அனைவரும் கிடைக்கின்றனர். 1992-இல் சுயேச்சை வேட்பாளர் ராஸ் பெரோ நாடு முழுவதும் ஏறத்தாழ 19 சதவீத வாக்குகளைப் பெற்றும் ஒரு தேர்வாளர் வாக்கைக்கூடப் பெறவில்லை. 2000-ஆம் ஆண்டில் புளோரிடாவில் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ் 537 வாக்கு வித்தியாசத்தில் வென்றபோது, அதே மாநிலத்தில் பசுமைக் கட்சியின் ரால்ஃப் நாடர் 97,000-க்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றிருந்தார். மூன்றாவது வேட்பாளரைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஜனநாயகக் கட்சியினர் இன்றளவும் அந்தப் புளோரிடாக் கணக்கைத்தான் எடுத்து நீட்டுகின்றனர்.

முதலில் உங்கள் பதிவைச் சரிபாருங்கள்

மாநிலத் தேர்தல் துறையின் இணையத்தளத்தில் உங்கள் பெயரையும் பிறந்த தேதியையும் உள்ளிட்டு, கட்சி என்ற இடத்தில் என்ன பதிவாகியுள்ளது என்று பாருங்கள். பலர் தாம் எதில் பதிவு செய்துள்ளோம் என்பதையே அறியாமல் இருக்கின்றனர். கலிஃபோர்னியாவில் எந்தக் கட்சியும் வேண்டாம் என்று எண்ணிய பெருங்கூட்டம் ஒன்று, படிவத்தில் 'இண்டிபெண்டன்ட்' என்ற சொல்லைக் கண்டதும் அதற்கு எதிரே குறியிட்டது. ஆனால் அது 'அமெரிக்கன் இண்டிபெண்டன்ட் பார்ட்டி' என்னும் தனிக்கட்சி. 1967-இல் தோன்றி, இனப்பிரிவினை ஆதரவாளரான ஜார்ஜ் வாலஸை மறுஆண்டு அதிபர் வேட்பாளராக நிறுத்திய கட்சி அது. 2016-இல் அதில் சுமார் 5 லட்சம் பேர் பதிவாகியிருந்தனர். அவர்களிடம் ஒரு நாளிதழ் விசாரித்தபோது, தாம் ஒரு கட்சியில் இருப்பதே தெரியாது என்று பெரும்பான்மையோர் கூறினர். கலிஃபோர்னியாவில் கட்சி வேண்டாதவர் தேர்ந்தெடுக்க வேண்டியது 'நோ பார்ட்டி பிரிஃபரன்ஸ்' என்பதையே. அப்படிப் பதிவு செய்தவருக்கு, கட்சிகளின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலில் அதிபர் வேட்பாளர் பெயர்களே இல்லாத வாக்குச்சீட்டுதான் அஞ்சலில் வரும். கட்சிசாராதோரை அனுமதிக்கும் கட்சியின் சீட்டு வேண்டுமெனில் முன்கூட்டியே கேட்டுப் பெற வேண்டும்.

முதனிலைத் தேர்தல்: உண்மையான தேர்வு நடக்கும் இடம்

பிரைமரி எனப்படும் முதனிலைத் தேர்தலை ஒதுக்கிவிட்டு நவம்பரில், 'இந்த இருவரைத் தவிர வேறு ஆளே இல்லையா?' என்று வருந்துவதில் பொருளில்லை. அந்த இருவரையும் தேர்ந்தெடுத்தவர்கள், சில மாதங்களுக்கு முன் யாரும் பெரிதாகக் கவனிக்காத ஒரு செவ்வாய்க்கிழமையில் வாக்களித்த சிறு கூட்டத்தினர். பெரும்பாலான தொகுதிகள் ஏதேனும் ஒரு கட்சியின் கோட்டையாக இருப்பதால் அங்கே முதனிலையில் வெல்பவரே உறுப்பினர். நவம்பர் வாக்கெடுப்பு வெறும் சடங்கு.

இரு எடுத்துக்காட்டுகளைக் கவனியுங்கள். 2014-இல் பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவராக இருந்த எரிக் கேன்ட்டர், வர்ஜீனியாவில் தம் சொந்தக் கட்சியின் முதனிலையில் டேவ் பிராட் என்ற கல்லூரிப் பேராசிரியரிடம் தோற்றார். பதிவான மொத்த வாக்குகள் சுமார் 65,000. 2018-இல் நியூயார்க்கில் 1999 முதல் பதவியில் இருந்த ஜோ கிரவுலியை அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்ட்டெஸ் வீழ்த்தியபோது அவர் பெற்றவை 16,898 வாக்குகள், கிரவுலி பெற்றவை 12,880. ஏறத்தாழ 7 லட்சம் பேர் வாழும் தொகுதியின் அரசியல், 30,000-க்கும் குறைவானோரின் கையால் மாறியது. அந்த 30,000-இல் கட்சிசாராத ஒருவர்கூட இருந்திருக்க முடியாது. நியூயார்க்கின் முதனிலை, கட்சியில் பதிவானவர்களுக்கு மட்டுமே உரியது.

ஆகவே உங்கள் மாநிலம் எவ்வகையைச் சேர்ந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நியூயார்க், புளோரிடா, பென்சில்வேனியா ஆகியவை மூடிய முதனிலை கொண்டவை. கட்சியில் பதிவு செய்யாதவர் கட்சி வேட்பாளர் தேர்வில் பங்கேற்க இயலாது. டெக்சஸ், வர்ஜீனியா, ஜார்ஜியா, மிச்சிகன் முதலியவற்றில் கட்சிப் பதிவு என்பதே கிடையாது. அன்றைய தினம் எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். டெக்சஸில் ஒரு நுணுக்கம் உண்டு: மார்ச் மாதத்தில் ஒரு கட்சியின் முதனிலையில் வாக்களித்தவர், மே மாதம் நடக்கும் மறுசுற்றில் மறுகட்சிக்குத் தாவ முடியாது, மார்ச்சில் வாக்களிக்காதவரோ மறுசுற்றில் விரும்பிய கட்சியைத் தேர்ந்தெடுக்கலாம். கலிஃபோர்னியாவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் அதிபர் அல்லாத பெரும்பாலான பதவிகளுக்கு எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே சீட்டில் நின்று, முதல் இருவர் நவம்பருக்குச் செல்வர்.

மூடிய மாநிலத்தில் வாழும் கட்சிசாரா வாக்காளருக்கு என் பரிந்துரை தெளிவானது: உங்கள் தொகுதியில் எந்தக் கட்சி எப்போதும் வெல்கிறதோ அதில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிடிக்காத கட்சியில் பெயர் கொடுப்பது மனச்சான்றுக்கு ஒவ்வாது என்று சிலர் தயங்குவர். அந்தத் தயக்கம் தேவையில்லை என்பதே என் கருத்து. இந்தியக் கட்சிகளின் உறுப்பினர் அட்டையைப் போன்றதன்று இப்பதிவு. சந்தா இல்லை, கட்சிக்கு எந்தக் கடப்பாடும் இல்லை, நவம்பரில் யாருக்கு வேண்டுமானாலும் வாக்களிக்கலாம். கெடுவை மட்டும் தவறவிடாதீர்கள். நியூயார்க்கில் ஜூன் முதனிலைக்குக் கட்சிப் பதிவை மாற்ற விரும்புவோரின் படிவம் பிப்ரவரி 14-க்குள் போய்ச் சேர வேண்டும். புளோரிடாவில் தேர்தலுக்கு 29 நாள்கள் முன்பே கதவு அடைக்கப்படுகிறது.

நவம்பரில் மூன்றாவது கட்சிக்கு வாக்களிப்பதாக இருந்தால்

மூன்றாவது கட்சிக்கு அளிக்கும் வாக்கு வீண் என்பதும், அதுவே நேர்மையான வாக்கு என்பதும் மாநிலத்தைப் பொறுத்தவை. போட்டி கடுமையாக உள்ள மாநிலத்தில் உங்களுக்கு மிகவும் ஒவ்வாத வேட்பாளருக்கு அது மறைமுக உதவியாகக்கூடும். முடிவு முன்பே தெரிந்த மாநிலத்தில் அந்த வாக்குக்கு அளவிடத்தக்க பயன்கள் உண்டு. நாடு முழுவதும் 5 சதவீதத்தை எட்டும் கட்சி, அடுத்த அதிபர் தேர்தலில் அரசின் பொது நிதியில் பங்கு பெறும் தகுதியை அடைகிறது. 1996-இல் பெரோ பெற்ற 8.4 சதவீதத்தால் அவருடைய சீர்திருத்தக் கட்சிக்கு 2000-ஆம் ஆண்டில் சுமார் 1.26 கோடி டாலர் கிடைத்தது. வாக்குச்சீட்டில் கட்சியின் இடம் நிலைப்பதும் வாக்கு எண்ணிக்கையைப் பொறுத்ததே: நியூயார்க்கில் 1,30,000 வாக்குகள் அல்லது 2 சதவீதம், இவற்றில் எது கூடுதலோ அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெற்றாக வேண்டும்.

வேட்பாளர் பெயரைக் கையால் எழுதி வாக்களிப்பதற்கு முன், அவர் அதற்கென முறைப்படி பதிவு செய்துள்ளாரா என்று பாருங்கள். பல மாநிலங்களில் பதிவு செய்யாதவருக்கு விழும் வாக்குகள் எண்ணப்படுவதே இல்லை, ஹவாய், நெவாடா போன்றவற்றில் அப்படி எழுதவே இடமில்லை. நம்மவருக்குப் பழகிய நோட்டாவை ஒத்த ஏற்பாடு நெவாடாவில் மட்டும் 1970-களிலிருந்து இருக்கிறது. 2024 பிப்ரவரியில் அங்கு நடந்த குடியரசுக் கட்சி முதனிலையில், டிரம்ப் பெயர் இல்லாத சீட்டில், நிக்கி ஹேலியை 'இவர்களில் எவருமில்லை' என்ற தேர்வு பெரும் வித்தியாசத்தில் முந்தியது. ஆனால் சட்டப்படி அது யாரையும் வெளியேற்றாது. கோபத்தைப் பதிவு செய்யலாம், அவ்வளவுதான்.

விதியை மாற்றுதல்

நீண்டகாலத் தீர்வு இங்கேதான் இருக்கிறது. மெய்ன் மாநிலத்தில் 2010-இல் பால் லெபாஜ் 38 சதவீதத்துக்கும் குறைவான வாக்குகளுடன் ஆளுநரானார். அந்த மனக்குறை பின்னர் 2016-இல் மக்கள் வாக்கெடுப்பின் வழியே தரவரிசை வாக்குமுறையைக் கொண்டுவர உதவியது. இம்முறையில் வாக்காளர் 1, 2, 3 என்று வரிசைப்படுத்துகிறார். எவரும் பாதியைத் தாண்டாவிடில் கடைசி இடத்தில் இருப்பவர் நீக்கப்பட்டு, அவருடைய வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குச் செல்கின்றன. 2018-இல் அம்மாநிலத்தின் இரண்டாம் தொகுதியில் முதல் எண்ணிக்கையில் குடியரசுக் கட்சியின் புரூஸ் பொலிக்வின் சுமார் 2,000 வாக்குகள் முன்னிலையில் இருந்தார். இரு சுயேச்சைகளின் வாக்குகள் பகிரப்பட்ட பின் ஜனநாயகக் கட்சியின் ஜேரட் கோல்டன் வென்றார். அந்தச் சுயேச்சைகளுக்கு வாக்களித்தவர்களை யாரும் 'கெடுத்தவர்கள்' என்று ஏச முடியவில்லை.

இம்முறையைப் பெற விரும்பினால், உங்கள் மாநிலத்தில் மக்களே சட்டத்தை முன்மொழியும் உரிமை உண்டா என்று முதலில் பாருங்கள். கலிஃபோர்னியா, மிச்சிகன், ஒரிகன் உள்ளிட்ட ஏறத்தாழ பாதி மாநிலங்களில் அது உண்டு. டெக்சஸ், நியூயார்க், பென்சில்வேனியா, நியூஜெர்சியில் மாநில அளவில் இல்லை. மிச்சிகனில் தொகுதி எல்லைகளை வரையும் அதிகாரத்தைச் சட்டமன்றத்திடமிருந்து எடுத்து மக்கள் குழுவிடம் ஒப்படைக்க 3,15,654 கையெழுத்துகள் தேவைப்பட்டன. தன்னார்வலர்கள் 4 லட்சத்துக்கும் மேல் திரட்டினர், 2018 நவம்பரில் 61 சதவீத ஆதரவுடன் அது நிறைவேறியது. கையெழுத்திடும்போது, வாக்காளர் பட்டியலில் உள்ள முகவரியையே எழுதுங்கள். வீடு மாறிப் பதிவை மாற்றாதவர்களின் கையெழுத்துகள் சரிபார்ப்பில் தள்ளுபடியாகக்கூடும்.

தோல்விகளும் உண்டு. 2024-இல் கொலராடோ, ஐடஹோ, நெவாடா, ஒரிகன் ஆகிய நான்கிலும் தரவரிசை முறைக்கான முன்மொழிவு தோற்றது. 2022-இல் அதை ஆதரித்த நெவாடா வாக்காளர்களே இரண்டாம் முறை நிராகரித்தனர். சீட்டு குழப்பமானது, முடிவு தெரிய நாளாகிறது என்ற எதிர்ப்பாளர்களின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மேலும், ஓர் இடத்துக்கு ஒருவர் என்ற அமைப்பில் தரவரிசை முறை மட்டும் வந்தால் பல கட்சிகள் முளைத்துவிடும் என்று எதிர்பார்ப்பது மிகை. ஆஸ்திரேலியக் கீழவையில் 1918 முதல் அம்முறை இருந்தும் ஆட்சி பெரும்பாலும் இரு அணிகளுக்கிடையேதான் மாறி வந்துள்ளது. ஒரு தொகுதிக்குப் பல உறுப்பினர்கள் என்பதும் சேர்ந்து வந்தால்தான் 25 அல்லது 30 சதவீத ஆதரவுள்ள தரப்புக்கும் இடம் கிடைக்கும்.

அத்தகைய மாற்றத்துக்கு வாஷிங்டனையோ மாநிலத் தலைநகரையோ எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரம் 1941 முதல் தன் மன்றத்தை இவ்வாறே தேர்ந்தெடுக்கிறது. ஒரிகனின் போர்ட்லாந்து நகரத்தில் நகர நிர்வாகத்தின் அடிப்படை விதிகளான சாசனத்தை மறுஆய்வு செய்யும், குடிமக்கள் அடங்கிய குழு முன்மொழிந்த திருத்தம் 2022-இல் 58 சதவீத ஆதரவு பெற்றது. 2024-இல் நான்கு தொகுதிகளிலிருந்து தலா மூவராக 12 பேர் தேர்வாயினர். உங்கள் நகரத்தின் சாசனத்தையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். அதை மறுஆய்வு செய்ய எப்போது குழு அமைக்கப்படும், உறுப்பினரை நியமிப்பவர் யார், விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்பவற்றை நகரச் செயலரின் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். குழுவின் கூட்டங்கள் பொதுவாகப் பொதுமக்களுக்குத் திறந்திருப்பவை, அங்கே பேச முன்கூட்டியே பெயர் கொடுத்தால் போதும்.